கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்

"ஐயா, உங்கட ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டு நில்லுங்கோ. ரீச்சர் விழப்போறா எண்டு கண்டால் மட்டும் பிடியுங்கோ. மற்றும்படி அவவா எழும்பட்டும்."

2022 பங்குனி மாதம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை விடுதியில் இயன்மருத்துவர் பிள்ளை ஒருத்தி என் கணவருக்குச் சொன்ன வார்த்தை இது. நான் கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டபடி இருந்தேன். உடம்பின் இடப்பக்கம் முழுவதும் பாரிசவாதத்தில் விழுந்து கிடந்தது. பாரிசம் என்றால் பக்கம். ஒரு பக்கத்தைக் கொண்டுபோகிற நோய் என்பதால் அந்தப் பெயர். இவருக்கோ என்னைத் தூக்கி நிறுத்தக் கை பரபரத்தது. கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரான அக்கராயன் மண்ணில் கமம் செய்து உரமேறிய உடம்பு அவருடையது. நெல் மூட்டையைத் தனியாளாய்த் தோளில் ஏற்றுகிறவருக்கு நான் ஒரு பாரமா? ஆனால் அந்தப் பிள்ளை விடவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டார். மூன்று முறை கட்டிலில் பொத்தென்று விழுந்தேன். நான்காம் முறை எழுந்து நின்றேன். ஐந்தாறு செக்கன்தான் நின்றிருப்பேன். அதற்குள் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

ஒருவர் கஷ்டப்படும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றான் என்று சொன்னால் எங்கள் ஊரில் அது பெரிய பழிச்சொல். பாரிசவாதம் வந்தவருக்கு வீட்டார் செய்யக்கூடிய ஆகக் கடினமான பணிவிடையும், ஆகப் பெறுமதியான பணிவிடையும் அப்படி நிற்பதுதான் என்று நான் என் உடம்பில் கண்டுகொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாருடைய கை இது?

மாசி மாதக் கடைசி. இரசாயன உரம் கிடைக்காமல் விளைச்சல் குறைந்துபோன காலபோகத்தின் அறுவடை ஒருவாறு முடிந்திருந்தது. விடியப்புறம் நாலரை மணிக்கு வழக்கம்போலக் கண் விழித்தேன். என் நெஞ்சின் மேல் ஒரு கை கிடந்தது. பாரமான, குளிர்ந்த கை. பேத்திதான் தூக்கத்தில் கை போட்டிருக்கிறாள் என்று நினைத்து வலது கையால் தள்ளினேன். தள்ளிய கை என் தோளோடு சேர்ந்து அசைந்தபோதுதான் அது என்னுடையது என்று தெரிந்தது. கூப்பிட்டேன். வாய் கோணி, சொல் குழறியது.

எழும்பி வந்த என் கணவர் பதறிப்போய்ச் சுடச்சுடத் தேத்தண்ணி ஒரு மிடறு பருக்கினார். அது மூச்சுக்குழாய்ப் பக்கம் போய், இருமித் திணறிவிட்டேன். பாரிசவாதம் வந்தவரின் தொண்டைத் தசைகளும் சோர்ந்திருக்கக்கூடும். விழுங்க முடிகிறதா என்று வைத்தியசாலையில் சோதித்துப் பார்க்கும்வரை தண்ணீரோ குளிசையோ எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது. இதை நாங்கள் இருவருமே அறிந்திருக்கவில்லை. மகள்தான் 1990க்கு அழைத்தாள். சுவசெரிய என்கிற அந்த இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018 ஆடியில். முதலில் அக்கராயன் பிரதேச வைத்தியசாலை, அங்கிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம்.

சி.ரி. ஸ்கானில் மூளையின் வலப்பக்கத்துக் குருதிக்குழாய் ஒன்று அடைபட்டிருப்பது தெரிந்தது. வலது மூளை இடது உடம்பை ஆளுகிறது. அதனால்தான் இடக்கையும் இடக்காலும் போயின. அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து உண்டு. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். நான் முதல்நாள் இரவு பத்து மணிக்கு நல்லபடியாகப் படுத்தவள். இடையில் எந்த நேரத்தில் வந்ததென்று யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த ஊசி எனக்குக் கிடைக்கவில்லை.

மூளை உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே இரத்தம் நின்றால் அது தாக்குப்பிடிக்காது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். முகம் கோணுகிறதா, உயர்த்திய கைகளில் ஒன்று கீழே சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990க்கு அழையுங்கள்.

ஏன் வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். எனக்குப் பல வருடமாகப் பிரஷர். கிளினிக்கில் தந்த குளிசையை இரண்டு மாதமாக நிறுத்திவைத்திருந்தேன். தலைச்சுற்று இல்லை, உடம்பு சுகமாக இருக்கிறது, பிறகெதற்குக் குளிசை என்று நினைத்தேன். உயர்ந்த பிரஷர் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது.  இன்று இதை வாசிக்கிற ஒருவர் எழுந்துபோய்த் தன் குளிசையைப் போட்டால் எனக்கு அது போதும். 25 வயதைத் தாண்டியவர்களில் நான்கு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோயைச் சந்திப்பார் என்பது உலகளாவிய மதிப்பீடு.

அரைக் கோப்பைச் சோறு

வீட்டுக்கு வந்த முதல் கிழமை. மகள் கோப்பையில் சோறும் பருப்பும் போட்டு மடியில் வைத்தாள். நான் வலது கையால் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை, பசிக்குது" என்றேன். மகள் திகைத்துப்போனாள். ஏழு வயதுப் பேத்திதான் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "அம்மம்மா, இஞ்சாலைப் பக்கம் சோறு அப்பிடியே கிடக்கு" என்று கோப்பையை அரை வட்டம் திருப்பினாள். என் கண்முன்னே புதிதாகச் சோறு முளைத்தது.

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வலது மூளை பழுதான சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை. அப்படிப்பட்டவர் அரை முகத்துக்கு மட்டும் பவுடர் பூசுவார். கதவு நிலையில் இடத்தோளை இடித்துக்கொள்வார். இடப்பக்கமாக நின்று பேசுகிறவருக்குப் பதில் சொல்ல மாட்டார். வீட்டார் அதைப் பிடிவாதம் என்றோ புத்தி பேதலித்துவிட்டது என்றோ நினைத்துவிடுவார்கள். எனக்கு இயன்மருத்துவர் சொல்லித்தந்த வழி எளிமையானது. இடக்கை மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டினோம். எந்த வேலை தொடங்கினாலும் முதலில் தலையைத் திருப்பி அந்த நூலைத் தேட வேண்டும். படிக்கும்போது பக்கத்தின் இட ஓரத்தில் சிவப்புக் கோடு. கோட்டைக் கண்ட பிறகுதான் வரியைத் தொடங்கலாம். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இடமிருந்து வலம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். இடம் எங்கே இருக்கிறது என்பதை அறுபத்தொரு வயதில் திரும்பவும் படித்தேன்.

அந்தக் கையில் உணர்ச்சியும் குறைந்திருந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சூடான ஒத்தணம் வைத்தார். எனக்குச் சுடவில்லை. கொப்புளம் கண்ட பிறகுதான் வெந்தது தெரிந்தது. இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்து எழுப்பப் பார்த்தார். தசை தளர்ந்த தோள்மூட்டு அப்படி இழுத்தால் இறங்கிவிடும். அந்த நோவு மாதக்கணக்கில் நிற்கும். நோய்க்கையை ஒருபோதும் இழுக்காதீர்கள். படுத்திருக்கும்போது தலையணையிலும், இருக்கும்போது மடியிலோ மேசையிலோ அது தாங்கப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணெய் இல்லாத மாதங்கள்

கிழமைக்கு இரண்டு நாள் இயன்மருத்துவத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தது 2022 சித்திரை, வைகாசி, ஆனி. பொருளாதார நெருக்கடியில் நாட்டில் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை. ஓட்டோக்கள் வீட்டு வாசலில் முடங்கிக் கிடந்தன. அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்குப் போவதே பெரும்பாடு. பாதி உடம்போடு நான் எப்படிப் போவது?

அப்போதுதான் முன்வளவுத் தம்பி வந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். 2009இல் போரில் ஷெல் விழுந்து முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவன். செயற்கைக் காலோடு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஓட்டுகிறான், மரமும் ஏறுகிறான். அவனும் இவருமாக வேலிக்கு வைத்திருந்த கட்டைகளை முற்றத்தில் இரண்டு வரிசையாக நட்டு, இடுப்பு உயரத்தில் வழுவழுப்பான தடிகளைக் கட்டினார்கள். பன்னிரண்டு அடி நீளம். தான் கால் போட்டுப் பழகிய இடத்தில் இப்படித்தான் இரண்டு கம்பிகள் இருந்தன என்றான். வன்னியில் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர் திரும்பவும் நடக்கப் பழகியிருக்கிறார்கள். நடக்கப் பழகுவது எப்படி என்ற அறிவு எங்கள் ஒழுங்கைகளிலேயே இருந்தது. நான்தான் அதுவரை கேட்டதில்லை.

"விழுறதுக்குப் பயப்பிடாதேங்கோ ரீச்சர். விழுந்தால் எழும்புறதைத்தான் முதல்ல பழகோணும்" என்றான். பாயில் படுக்கவைத்துப் பழக்கினான். நல்ல பக்கமாகப் புரள வேண்டும். முழங்கையை ஊன்ற வேண்டும். முழங்காலில் நிற்க வேண்டும். உறுதியான கதிரை ஒன்றைப் பிடித்து, நல்ல காலை முன்னே வைத்து எழும்ப வேண்டும். இயன்மருத்துவர் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சரி என்றார். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோய்க்கால் முதலில். சட்டை போடும்போது நோய்க்கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். இந்த நான்கையும் பேத்தி வாய்ப்பாடு போலப் பாடமாக்கி வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுவாள்.

முற்றத்து மணல்தான் என் தேர்ச்சி அறிக்கை. ஒவ்வொரு காலையும் மகள் கூட்டி விடுவாள். தடிகளுக்கு நடுவே நான் நடந்து முடித்ததும் திரும்பிப் பார்ப்பேன். வலப்பக்கம் வரிசையாக அடிச்சுவடுகள். இடப்பக்கம் ஒரே நீளக் கோடு. பாதத்தைத் தூக்க முடியாமல் விரல்களை இழுத்துக்கொண்டு போன தடம் அது. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்ரிக் பட்டை ஒன்றை வைத்தியசாலையில் தந்திருந்தார்கள். அதைப் போட்டால் விரல் தடுக்காது. வைகாசி நடுவில் அந்தக் கோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. பேத்தி விரலால் தொட்டுக் காட்டினாள். ஆனி மாதத்தில் கோடு துண்டு துண்டானது. ஆவணியில் ஒருநாள் இடப்பக்கமும் சுவடுகள்தான் இருந்தன. வலதைவிடக் கொஞ்சம் ஆழமில்லாமல், கொஞ்சம் வெளியே திரும்பி.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிறகு தேடி வாசித்தேன். செத்த நரம்புக்கலம் திரும்பாது. ஆனால் அதைச் சுற்றி உயிரோடிருக்கும் கலங்கள் புதிய தொடர்புகளைக் கட்டி அந்த வேலையை ஏற்கப் பழகும். குளத்து நீரை நம்பி வாழ்கிற எங்களுக்கு இது விளங்கும். ஒரு வாய்க்கால் உடைந்தால் வேறொரு வழியால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகலாம். ஆனால் தண்ணீர் ஓட ஓடத்தான் அந்தப் புது வழி ஆழமாகும். ஒருநாள் திறந்துவிட்டுப் பத்து நாள் மூடினால் புல் மண்டிவிடும்.

எத்தனை முறை ஓட வேண்டும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. கைக்கான பயிற்சி நடந்த அமர்வுகளில், பயனுள்ள அசைவு சராசரியாக 32 முறைதான் செய்யப்பட்டது. மூளையில் மாற்றம் கண்ட விலங்கு ஆய்வுகளிலோ அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. அதனால் சீ.ஆர். கொப்பி ஒன்றில் நான்கு கோடும் குறுக்குக் கோடும் போட்டு எண்ணத் தொடங்கினேன். கதிரையிலிருந்து எழும்பி இருப்பது முதல்நாள் ஆறு முறை. வைகாசியில் நாளுக்கு அறுபது. ஒரேயடியாக அல்ல, பத்துப் பத்தாக, இடையில் ஓய்வோடு. அவசரமும் ஆகாது. நோய் வந்து 24 மணித்தியாலத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி நடமாடவிட்டால் நல்லதா என்று 2,104 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2015இல் வந்த முடிவு, அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு அதிகமாகச் செய்தவர்களின் தேறுதல் குறைந்தது என்பதுதான். எப்போது தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும். தொடங்கிய பிறகு விட வேண்டாம்.

பதினான்கு அடி

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோதே, முற்றத்துக்கு வெளியே நான் ஒரு கைக்குழந்தையாக இருந்தேன். மகள் தலை இழுத்துவிடுவாள். இவர் முகம் கழுவிவிடுவார். தண்ணீர் என்று வாய் திறக்க முன்னமே பேணி உதட்டில் இருக்கும். வைத்தியசாலையில் கட்டிய கையை வீட்டில் அவிழ்த்துவிட்டார்கள். பாசத்தில்தான். நோயாளி என்றால் கிடக்க வேண்டும், மற்றவர்கள் ஓடியோடிச் செய்ய வேண்டும் என்பது எங்கள் வளர்ப்பு. நான் பயிற்சி செய்தது நாளுக்கு ஒரு மணித்தியாலம். மற்ற நேரமெல்லாம் என் கை காலுக்கு வேலையே இல்லை.

ஆனி மாதத்தில் இவர் சிறுபோகத்துக்கு டீசல் எடுக்கக் கிளிநொச்சி வரிசைக்குப் போனார். அன்றிரவு திரும்பவில்லை. மறுநாள் மகளும் பிள்ளையோடு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டாள். பத்து மணி வெயிலில் எனக்குத் தாகம். கூப்பிட்டேன், ஒருவரும் இல்லை. விறாந்தைக் கதிரையிலிருந்து குசினி வரை எனக்குப் பதினான்கு அடி. நடுவில் ஒரு படி. 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அந்தப் படிக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கதிரையின் முன்விளிம்புக்கு நகர்ந்தேன். பாதங்களைப் பின்னுக்கு இழுத்தேன். மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை முன்னே குனிந்தேன். எழும்பினேன். சுவரில் வலது உள்ளங்கையை வைத்து ஒவ்வோர் அடியாக எண்ணினேன். படியில் நின்று, எந்தக் கால் முதலில் என்று வாய்விட்டுச் சொன்னேன். பானை மூடியை எடுத்து, பேணியால் மொண்டு, குசினிச் சுவரில் சாய்ந்து நின்று குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது. மூன்றரை மாதத்துக்குப் பிறகு நானாக எடுத்துக் குடித்த முதல் தண்ணீர்.

பின்னேரம் இவர் வெறுங்கையோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான்தான் உம்மை இருத்தி வைச்சிருக்கிறன் போல" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். நான் கேட்டால் செய்வார்கள். கேட்கும்வரை பக்கத்தில் நிற்பார்கள். மறுநாளே படியோரம் ஒரு பிடிகம்பி வந்தது. மலசலகூடத்தில் கொமட் வைத்து, சுவரில் குழாய்த்துண்டு ஒன்றைப் பிடியாகப் பதித்தார்கள். கால் தடுக்கும் பாய்களைச் சுருட்டி வைத்தார்கள். உதவி என்பது இதுதான்: வேலையை என்னிடமே விட்டுவிட்டு, விழாமல் செய்ய வழி பண்ணித் தருவது.

சுளகு

கால் வந்த அளவுக்குக் கை வரவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கைதான் பிந்தும். அதற்கு ஒரு காரணம் நாமே செய்துகொள்வது. நல்ல கை எல்லாவற்றையும் முடித்துவிடுவதால், மற்றக் கை கொஞ்சம் அசையக்கூடியதாக இருந்தாலும் அதைக் கேட்பதையே மூளை விட்டுவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டோப் இதைக் கண்டறிந்து, நல்ல கைக்கு உறை மாட்டி வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நோய்க்கையாலேயே வேலை செய்யவைக்கும் சிகிச்சையை உருவாக்கினார். 2006இல் வெளியான பெரிய பரிசோதனை ஒன்றில், நோய் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரில் இதைப் பார்த்தார்கள். இரண்டு கிழமைப் பயிற்சியின் பயன் ஒரு வருடத்துக்குப் பிறகும் நின்றது. மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சமாவது அசைவு உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

எனக்குத் தொடக்கத்தில் அந்த அசைவும் இல்லை. எனக்குக் கிடைத்தது கண்ணாடி. மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, இடக்கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, வலக்கையை விரித்துச் சுருக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது இடக்கை அசைவது போலிருக்கும். கண் பார்ப்பதை மூளை நம்பத் தொடங்கும். இந்தக் கண்ணாடி உத்தியைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழர். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், வெட்டுண்ட கையில் இன்னும் நோகிறது என்றவர்களுக்காக இதைச் செய்தார். பாரிசவாதத்துக்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்த முதல் ஆய்வு 1999இல் வந்தது. எங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. வீட்டில் இருந்த கண்ணாடிதான்.

பெருவிரல் அசைந்தது ஆடி மாதத்தில். அதன் பிறகு நான் கேட்டு வாங்கியது சுளகை. புடைப்பது இரண்டு கையும் ஒத்துச் செய்கிற வேலை. ஒரு கையால் ஒருவராலும் புடைக்க முடியாது. முதலில் வெறும் சுளகை மடியில் வைத்து, இடது விரல்களை ஒவ்வொன்றாக மடித்து விளிம்பில் பிடிக்கவைத்தேன். விட்டவுடன் வழுகும். ஒரு கிழமைக்குப் பிறகு வழுகவில்லை. பிறகு ஒரு பிடி அரிசி. தட்டியவுடன் இடப்பக்கம் சாய்ந்து எல்லாம் பாயில் கொட்டும். கொட்டியதை இடக்கையாலேயே கூட்டி அள்ள வேண்டும் என்பது நான் எனக்கு வைத்த விதி. அள்ளுவதும் பயிற்சிதானே. ஐப்பசியில் ஒருநாள், அரைக் கொத்து அரிசி சுளகில் மேலெழும்பி, உமி முன்னே பறந்து, மணி திரும்பி நடுவில் வந்து விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் தாய் புடைக்கும்போது கேட்ட அதே சத்தம். அன்றிரவுச் சோறு நான் புடைத்த அரிசி.

மனமும் ஒரு பக்கம் சரியும்

நடுவில் ஒரு இருட்டும் இருந்தது. பார்க்க வந்தவர்கள் என் எதிரிலேயே அழுதார்கள். "எப்பிடி இருந்த மனுசி" என்றார்கள். யாருடைய கண்ணூறோ என்றார்கள். நான் படலைக்கு வெளியே வர மறுத்தேன். விடியப்புறம் விழித்து, விழித்தேனே என்று அழுதேன். கொப்பியில் கோடு போடுவதும் ஒன்பது நாள் நின்றது. சோம்பல் என்று எவரும் சொல்லாதது என் அதிர்ஷ்டம். மகள் கிளினிக்கில் சொன்னாள். இந்த நோயிலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதுவும் மூளை பட்ட காயத்தின் ஒரு பகுதி. அதற்கு மருந்து இருக்கிறது. ஆறு கிழமையில் எனக்குப் பசி திரும்பியது, கொப்பியும் திறந்தது. நோயாளியிடம் பயிற்சியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நித்திரை வருகிறதா, எதையாவது செய்ய ஆசை வருகிறதா என்றும் கேளுங்கள்.

வீடு மட்டும் போதுமா?

என் கதையை வைத்துக்கொண்டு வீட்டார் மனம் வைத்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அதையே இந்தியாவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பேராசிரியர் ஜெயராஜ் துரை பாண்டியனும் மற்றவர்களும் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கு வீட்டில் பயிற்சி கொடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மறு பகுதிக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்கிறவர்களும் இரு பகுதியிலும் 47 சதவீதம். வித்தியாசம் இல்லை.

அதை வாசித்தபோது கொஞ்ச நேரம் கொப்பியை மூடி வைத்துவிட்டு இருந்தேன். பிறகு எனக்குப் பட்டது இதுதான். எனக்கும் வீடு மட்டும் இருக்கவில்லை. தொலைபேசியில் பிழையைத் திருத்துகிற இயன்மருத்துவர் ஒருவர் இருந்தார். எண்ணெய் வந்த பிறகு, மாதமிருமுறை என்னைப் பார்த்து அடுத்த படியைச் சொன்னார். வீடு அவர் இடத்தை எடுக்க முடியாது. அவர் சொன்னதை நாள் முழுவதும் நடத்திக்காட்டும் இடம் வீடு. அதனால் ஊர்களுக்குக் கிட்ட இந்தச் சேவை வேண்டும். நெதர்லாந்து உதவியோடு மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் கட்டப்பட்ட புனர்வாழ்வுப் பிரிவு 2024இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பாரிசவாதம் வந்தவருக்கு மாங்குளமும் தூரந்தான். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வளவு வளவாக வந்து பார்க்கிற இயன்மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலைக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆறு மாதத்தோடு எல்லாம் நின்றுவிடும், அதற்குமேல் வராது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் வேகம் அதிகம் என்பது உண்மை. அதன் பிறகும் வழி மூடுவதில்லை. என் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது இரண்டாவது வருடத்தில்.

வராமல் போனவையும் உண்டு. இடக்கையால் பொத்தான் பூட்ட முடியாது. பொல்லு இல்லாமல் ஒழுங்கையில் இறங்க மாட்டேன். வயல் வரம்பில் நடக்க முடியாது. போகம் பார்க்க ஆசை வந்தால் வீதியோரம் நின்றுதான் பார்க்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் களைத்துவிடும், அப்போது படுத்துவிடுவேன். ஆனால் என் சட்டையை நான் போடுகிறேன். என் முகத்தை நான் கழுவுகிறேன். ஓய்வூதியம் எடுக்க நானே போய்க் கையெழுத்து வைக்கிறேன்.

இன்று காலையும் கிணற்றடிக்குப் போனேன். இப்போது குழாய் வந்துவிட்டது. ஆனாலும் எனக்கு வாளியில் அள்ளிக் கழுவினால்தான் முகம் கழுவியது போலிருக்கும். தொட்டியில் வலக்கையால் மொண்டு, வாளிப் பிடியை இடது விரல்களில் கொழுவினேன். பாதித் தண்ணீர் தளும்பிக் காலில் ஊற்றியது. இவர் ஓரடி பின்னால் நின்றார். வாளி சரிந்தபோது அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்தபடி இருந்தன.